சுக்கு முதல் சிப்பிக் காளான் வரை: பெங்களூரு வீட்டில் மூலிகைச் சரக்குகளைக் கையாளும் முறை

கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் ‘கிரந்திகெ அங்கடி’ என்று கன்னடத்தில் பலகை மாட்டிய கடைகளைக் காணலாம். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைதான் இங்கே அந்தப் பெயரில் நடக்கிறது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழ்ப் பெயரைச் சொன்னாலே சரக்கை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. நகரத்தின் மற்ற பக்கங்களில் கன்னடப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வேலூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து குடியேறியவர்கள், அம்மாவோ மாமியாரோ கைப்பேசியில் சொன்ன பட்டியலை வைத்துக்கொண்டு இக்கடைகளின் முன் தயங்கி நிற்பதை இன்றும் பார்க்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான். அந்தப் பட்டியலில் உள்ளதைச் சரியாக வாங்கி, பக்குவப்படுத்தி, அளவோடு பயன்படுத்துவது எப்படி என்பதையும், எவற்றைத் தொடாமல் விடவேண்டும் என்பதையும் இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஓர் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு மருத்துவம் என்பது சளி, இருமல், அசீரணம், மலச்சிக்கல் போன்ற சிறு தொல்லைகளோடு நிற்பது. மழைக்காலத்தில் பெங்களூருவில் வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு நாளில் தணியாத காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. நிலவேம்புக் குடிநீர் அதற்குப் பிறகுதான். மூச்சுத் திணறல், இரத்தம் கலந்த சளி, நெஞ்சுவலி, மஞ்சள் பூத்த கண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுப்பங்கரைப் பக்கம் போகாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பெயரில் நேரும் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் கருஞ்சீரகம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் “காடு ஜீரிகெயா?” என்று கேட்டார். பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து வாயில் போட்டதும் நாக்கு சுருண்டுவிட்டது. அவர் கொடுத்தது காட்டுச் சீரகம். வயிற்றுப் பூச்சிக்கு வைத்தியர்கள் தரும் கடுங்கசப்புச் சரக்கு. கருஞ்சீரகம் மையைப்போலக் கருத்து, முக்கோண வடிவில், உள்ளங்கையில் தேய்த்தால் ஓமத்தை ஒத்த வாசனை தரும். காட்டுச் சீரகம் சற்று நீண்டு, பழுப்பு கலந்த கருமையில், மேலே வரிவரியாக இருக்கும். இரண்டையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தவர் பிறகு ஏமாற மாட்டார். கடைக்காரர் மேல் குற்றமில்லை; தெரியாமல் தலையாட்டியது நான்.

இத்தகைய குழப்பங்கள் ஒரு கடையோடு முடிவதில்லை. ‘பிரம்மி’ என்று கேட்டால் ஓரிடத்தில் வல்லாரையும் வேறோரிடத்தில் நீர்ப்பிரமியும் கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். வல்லாரை வேண்டுமானால் ‘ஒந்தெலக’ என்று கேட்பதே இங்கே பாதுகாப்பு. நாம் சங்குப்பூ என்னும் நீலப்பூக் கொடி தென்னாட்டில் சங்கபுஷ்பி என்று விற்கப்படுகிறது. வடநாட்டில் அதே பெயரில் தரையோடு படரும் முற்றிலும் வேறான செடி விற்கப்படுகிறது. சித்த மருத்துவத்தின் பற்படாகமும் ஆயுர்வேதக் கடைகளில் பர்ப்படகம் என்று கொடுக்கப்படுவதும் ஒன்றல்ல. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் பற்படாகமும் ஒன்று என்பதால், சரக்குகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் கலக்கும்போது இந்த இடத்தில் பிசகு நேர்வது எளிது. உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்ட குடிநீர்ச் சூரணத்தை வாங்குவதே இதற்கு நல்லது.

ஆகவே பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், தாவரவியல் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சுக்குக்கு ஒண சுண்டி, திப்பிலிக்கு ஹிப்பலி, கடுக்காய்க்கு அளலெகாயி, வசம்புக்கு பஜெ, ஆடாதொடைக்கு ஆடுசோகெ, சீந்திலுக்கு அம்ருதபள்ளி, நொச்சிக்கு லக்கி, கற்பூரவல்லிக்கு தொட்டபத்ரெ, நிலவேம்புக்கு நெலபேவு. இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலான வீட்டுத் தேவைகள் முடிந்துவிடும்.

முழுச் சரக்கு, தூள் அல்ல

தூளாக வாங்கிய எதிலும் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது. மஞ்சள் தூளில் நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் கலக்கும் வழக்கம் தெற்காசியாவின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விரலி மஞ்சளை வாங்கி வீட்டில் உடைத்து அரைப்பதில் அரைமணி நேரம் போகும். அந்த அரைமணி நேரம் வீணல்ல.

சுக்கை எடுத்துக்கொள்வோம். கடையில் பளிச்சென்று வெளுத்துக் கிடக்கும் சுக்கு பெரும்பாலும் சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்தது. பூச்சி அரிக்காமல் இருக்கவும் பார்வைக்கு நன்றாக இருக்கவும் வியாபாரிகள் செய்வது அது. ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி நகத்தில் ஒட்டும். பழுப்பு நிறத்தில் சற்றே சுருங்கி, ஒடிக்கும்போது ‘டக்’கென்று முறிந்து, முறிந்த இடத்தில் மெல்லிய நாரும் காரமான மணமும் இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஓட்டை விழுந்து தூள் கொட்டினால் வண்டு புகுந்தது. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்னும் முதுமொழிப்படி சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சீவிவிட வேண்டும்; கடுக்காயைத் தட்டி உள்ளிருக்கும் கொட்டையை எறிந்துவிட்டுச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். நல்ல கடுக்காய் கையில் கனக்கும், நீரில் போட்டால் மூழ்கும். அதிமதுரக் குச்சியின் உட்புறம் மஞ்சளாக இருந்து, மென்றால் இனிப்பு நெடுநேரம் நிற்க வேண்டும்.

பச்சிலைகளைப் பொறுத்தவரை தொட்டியில் வளர்ப்பதே மேல். துளசி, கற்பூரவல்லி, வெற்றிலை, ஆடாதொடை ஆகிய நான்கும் பெங்களூரு மாடி வீட்டுப் பலகணியில் சிரமமின்றி வளரும். ஏரிக்கரையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் செழித்துக் கிடப்பதைப் பார்த்துப் பறித்துவரும் ஆசை பலருக்கு உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீர் எத்தகையது என்பது நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீர்ப்பாங்கான இடத்தில் வளரும் கீரை அந்த நீரில் உள்ள உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். கழுவினால் அது போகாது.

ஈரம், பூஞ்சை, டப்பா

சென்னையில் சித்திரை வெயிலில் ஒரே நாளில் காய்வது இங்கே காய்வதில்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசியில் வடகிழக்கு மழையின் பங்கும் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை அரைகுறையாகக் காய்ந்த சரக்கை டப்பாவில் அடைத்தால், பத்தாம் நாள் அதன் மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைத் தட்டிவிட்டு, வெயிலில் காட்டிவிட்டுப் பயன்படுத்துவது பெரும் தவறு. சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் கல்லீரல் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. பூஞ்சணம் கண்ட சரக்கு, விலை எதுவானாலும், குப்பைக்குத்தான்.

காயவைக்கச் செய்தித்தாளை விரிக்காதீர்கள், மை ஒட்டும். வெள்ளைப் பருத்தித் துணியோ மூங்கில் தட்டோ போதும். மணமுள்ள இலைகளை நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வேரையும் காயையும் வெயிலில் உலர்த்தலாம். நன்றாகக் காய்ந்ததைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சித்த மருத்துவ மரபு ஒவ்வொரு பக்குவத்துக்கும் ஆயுள் வகுத்திருக்கிறது: குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, ஒரு சாமம் (மூன்று மணி நேரம்), சூரணத்துக்கு மூன்று மாதம். காலையில் காய்ச்சிய கஷாயத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளும் சூடுபடுத்திக் குடிக்கும் வழக்கத்துக்கு அந்த மரபிலும் இடமில்லை.

எதை எப்படிக் காய்ச்சுவது

வேர், பட்டை, காய் போன்ற கெட்டிப் பொருள்களின் சத்து நீரில் இறங்க நேரமும் சூடும் வேண்டும். எனவே அவற்றைக் குருணையாக இடித்து, 5 கிராம் அளவுக்கு 240 மில்லி நீர் சேர்த்து, சிறு தீயில் 60 மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுவது குடிநீர். துளசி, ஓமம், ஏலம் போன்றவற்றில் வேலை செய்வது ஆவியாகப் பறந்துவிடும் எண்ணெய். கொதிக்கவிட்டால் சமையலறை மணக்கும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் இவற்றைப் போட்டு மூடிவைத்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மூடியின் உட்புறம் திரளும் துளிகளையும் பாத்திரத்திலேயே தட்டிவிடுங்கள். வாசனை அதில்தான் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாதது, கொழுப்பில் கரைவது. பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்த நம் வழக்கத்தில் இதனால் ஒரு பொருத்தம் உண்டு. மிளகின் பைப்பரின் அதைக் குடல் உறிஞ்சுவதைக் கூட்டுகிறது.

அளவுக்குக் கையைவிடச் சமையலறைத் தராசை நம்புங்கள். பழைய ஏடுகளில் வரும் பலம் 35 கிராம், வராகன் 4.2 கிராம், குன்றி 130 மில்லிகிராம் என்று இன்று கணக்கிடப்படுகிறது. பலத்தை வராகனாகப் படித்தால் மருந்து குறையும். வராகனைப் பலமாகப் படித்தால் எட்டு மடங்கு கூடும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆடாதொடையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடு தொடாத இலை என்பதால் அப்பெயர் என்பார்கள். கசப்பைப் பார்த்தால் ஆட்டின் முடிவு நியாயம்தான். இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கி உருவாக்கப்பட்டது. மருந்துக்கடை இருமல் மருந்துகளில் இன்று காணும் ஆம்பராக்சால், புரோம்ஹெக்சினின் வழிவந்தது. ஆக, பாட்டியின் கஷாயமும் மருந்துக்கடைக் குப்பியும் ஒரே செடியின் இரு கிளைகள். கெட்டிச் சளியோடு இருமும் பெரியவருக்கு, முற்றிய இலை இரண்டை நறுக்கி, தோல் சீவிய சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு மூன்று, அதிமதுரம் விரல்நுனி அளவு சேர்த்து, ஒரு டம்ளர் நீரைக் கால் டம்ளராகக் காய்ச்சி, ஆறியபின் தேன் கலந்து காலையும் மாலையும் மூன்று நாள் கொடுக்கலாம். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை ஆடாதொடைக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூடக் கூடாது. ஏற்கெனவே ஆம்பராக்சால் மருந்து சாப்பிடுபவர் அதோடு கஷாயத்தையும் சேர்ப்பதில் பொருளில்லை.

அதிமதுரம் இனிப்பாக இருப்பதால் ஆபத்தற்றது என்று எண்ணிவிடுகிறோம். நாள்தோறும் வாரக்கணக்கில் எடுத்தால், அதிலுள்ள கிளிசரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதை விட்டுவிட வேண்டும். மிளகும் திப்பிலியும் சமையலுக்குச் சாதாரணம். ஆனால் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகச் சூரணமாகத் தினமும் எடுக்கும்போது, அவற்றின் பைப்பரின் வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயின், இரத்த அழுத்த மாத்திரையான புரோப்ரனலால் போன்றவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடக்கூடும்.

மலச்சிக்கலுக்குக் கடுக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி இரவில் வெந்நீரில் போதும். நிலாவாரை அதைவிட வேகமானது. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற அந்த இலை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் குடல் அதற்குப் பழகிவிடும்.

வேது (ஆவி) பிடிக்க நொச்சி இலை இருந்தால் போதும். சிறுவர்களைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் உட்காரவைப்பது தீக்காயத்தில் முடியக்கூடியது. நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் கொடுப்பதோ, குழந்தையின் மூக்கருகே தடவுவதோ கூடாது. சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

உரை மருந்து

பேரக்குழந்தை பிறந்தால் ஊரிலிருந்து வரும் பையில் உரைகல்லும் ஒரு முடிச்சு உரை மருந்தும் இருக்கும். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றைத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவது தலைமுறைகளாக வரும் வழக்கம். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்பாரும் உண்டு. இவ்வளவு செல்லம் கொடுத்த ஒன்றை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. எங்கள் வீட்டில் நான் சொன்னபோது மாமியார், “நாங்க எல்லாம் இதைக் குடிச்சு வளரலையா, மாப்பிள்ளை?” என்றார். வளர்ந்தார்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் வளராமல் போன குழந்தைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்திய வசம்பில் பீட்டா அசரோன் என்னும் பொருள் அதிகம். ஆய்வு எலிகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஜாதிக்காய் சற்றுக் கூடினாலும் பச்சைக் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும். குழந்தை ‘நன்றாகத் தூங்கியது’ என்று நாம் மகிழ்வது சில சமயம் அந்த மயக்கத்தைக் கண்டுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. தேனைப் பொறுத்தவரை ஒரு வயது நிறையும்வரை ஒரு துளியும் கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகளை எதிர்க்கும் திறன் சிசுவின் குடலுக்கு இல்லை. பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்க எங்கள் வீட்டில் கண்ட வழி, உரைத்த மருந்தைக் குழந்தையின் நாக்குக்குப் பதிலாக அதன் தாயின் நாக்கில் தடவியது. வசம்புக் காப்பைக் கையில் கட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம்; குழந்தையின் கை எப்போதும் வாயில்தானே இருக்கும்.

காளான்

பூஞ்சை இனத்தை நம் மரபு மருத்துவம் அதிகம் கையாண்டதில்லை. நவீன மருத்துவம்தான் அதைக் கடைந்து எடுத்தது. 1928-இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலின் ஒரு பூஞ்சையின் சுரப்பு. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரினும் பூஞ்சையிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையை நொதிக்கவைத்துப் பிரித்தெடுக்கப்படுவது. இதற்கு இந்நகரத்தோடு தொடர்பு உண்டு. 1978-இல் கோரமங்களாவில் ஒரு வாடகை வீட்டின் கார்க் கொட்டகையில் பப்பாளியிலிருந்து பப்பாயின் நொதி தயாரிக்கத் தொடங்கிய பயோகான், 2001-இல் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. சிப்பிக் காளானிலும் லோவாஸ்டாட்டின் இயல்பாகவே சிறிதளவு உண்டு. அதன் அளவு காளானுக்குக் காளான் மாறுவதால், அதைச் சாப்பிட்டுக்கொண்டு கொழுப்பு மாத்திரையை நிறுத்தும் யோசனை வேண்டாம். ரொட்டியில் பூத்த பூஞ்சணத்தைப் புண்ணில் வைத்தால் பென்சிலின் கிடைக்கும் என்பதும் அப்படித்தான், புண்தான் சீழ்பிடிக்கும்.

வீட்டில் காளானிலிருந்து உறுதியாகப் பெறக்கூடிய ஒரு பயன் வைட்டமின் டி. காளானில் உள்ள எர்கோஸ்டிரால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் வைட்டமின் டி2 ஆக மாறும். கடையில் 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும் மொட்டுக் காளானை வாங்கி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் மொட்டை மாடியில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். முழுதாகவே வைப்பதானால் குடையின் அடிப்பக்கத்து மடிப்புகளான செவுள்கள் வானத்தைப் பார்க்கவேண்டும். இந்த நேரத்துக்குள் 100 கிராமில் ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் வரை உருவாகக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாள் ஒன்றுக்குப் பரிந்துரைக்கும் 15 மைக்ரோகிராமில் அது மூன்றில் இரண்டு பங்கு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே வைத்தால் பலனில்லை, ஏனெனில் வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆடி மாத மேகமூட்டத்திலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வெயிலில் வைத்ததை அன்றே சமைத்துவிடுங்கள். சமையல் சூட்டில் இந்த வைட்டமின் பெருமளவு தங்கும்.

மழை பெய்த மறுநாள் பூங்காக்களிலும் அடுக்குமாடிப் புல்வெளிகளிலும் குடை விரித்து நிற்கும் வெள்ளைக் காளான்களைத் தொடவேண்டாம். புல்தரையில் வளையமாக முளைக்கும் ஒரு வகை, சாப்பிடும் காளானைப்போலவே இருக்கும். முற்றியபின் அதன் செவுள்கள் சாம்பல் பச்சையாக மாறும். தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெள்ளிக் காசு கருக்கவில்லை, பூச்சி கடித்திருக்கிறது, பூண்டு நிறம் மாறவில்லை என்று சொல்லப்படும் சோதனைகள் எதற்கும் அடிப்படையில்லை. கொல்லும் காளான்களின் நஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகுதான் கல்லீரலைத் தாக்கும். புற்றுக் காளான் பறித்துப் பழகிய கிராமத்துப் பெரியவருக்குத் தம் காட்டின் காளான் தெரியும். கப்பன் பூங்காவின் காளான் அவருக்கும் தெரியாது.

கானோடெர்மா போன்ற காளான் தூள்களும் மாத்திரைகளும் நோயெதிர்ப்புக்கு என்று இன்று பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றால் புற்றுநோய் குணமாகும் என்று சொல்பவரை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் அவற்றின் மிகப் பெரிய தீங்கு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அவை கூடுதல் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம்.

கல்லீரலைப் பற்றித் தனியாக

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் முப்பது நாள் கீழாநெல்லி எடுத்தோரில் 59 விழுக்காட்டினருக்குக் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்தோரில் அது 4 விழுக்காடு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணியும். அந்தச் சமயத்தில் எந்த இலையை அரைத்துக் கொடுத்திருந்தாலும் பெயர் இலைக்குப் போய்விடும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்து என்பதால், காமாலை கண்டதும் இலை கொடுக்கும் கிராமத்தைத் தேடிக் காரில் கிளம்புவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சீந்தில் கதை இன்னும் அண்மையது. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் சீந்தில் தண்டு கொதித்தது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்தவர்கள் சிலருக்குத் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி, அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோய், ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். அதைப் போலவே தோன்றும் வேறொரு கொடியும் சந்தையில் கலந்து வருவதாகச் சித்த ஆயுர்வேதத் தரப்பினர் பதில் சொன்னார்கள். அந்தக் கொடியின் தண்டில் மருக்கள் நெருக்கமாகப் புடைத்திருக்கும். இரு தரப்பு வாதத்திலிருந்தும் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: தைராய்டு, மூட்டுவாதம், தோல் படை போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்திலைத் தவிர்க்க வேண்டும், மற்றவர்களும் வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் குடிக்கக்கூடாது.

தொடவே கூடாதவை

பெங்களூருவின் சாலை நடுத்திட்டுகளில் அழகுக்காக வைத்த அரளியும், வீட்டு முகப்பில் மஞ்சளாகப் பூக்கும் பொன்னரளியும் இதயத்தை நிறுத்தக்கூடியவை. செங்காந்தள் கிழங்கில் கோல்சிசின் உண்டு. மருந்து நிறுவனம் அதைப் பிரித்து மில்லிகிராம் கணக்கில் மாத்திரையாக்குகிறது, வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. ஊமத்தை, குன்றிமணி, சேங்கொட்டை ஆகியவற்றுக்கும், நஞ்சு நீக்கும் சுத்தி முறை அறிந்த வைத்தியர் கைதான் இடம். நித்தியகல்யாணிப் பூவைச் சர்க்கரை நோய்க்கு வெறும் வயிற்றில் மெல்லச் சொல்லும் செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வருவதுதான் என்பதை அறிந்தவர் அதை மெல்ல மாட்டார்.

யாராவது தவறி உண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் வேண்டாம். 108-ஐ அழைத்து, உண்ட செடியின் இலை, காய் அல்லது மிஞ்சிய கஷாயத்தை ஒரு பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மருத்துவரிடம் சொல்லவேண்டியது

“வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்கும்போது, காலையில் வெந்தயத் தூளும் இரவில் திரிபலாவும் எடுப்பவர்கூட “இல்லை டாக்டர்” என்றுதான் சொல்கிறார். அது மருந்து என்றே அவருக்குத் தோன்றுவதில்லை. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயத் தூளும் சேர்ந்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். மயக்கமருந்து கொடுக்கும் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் மாத்திரைகளையும் காளான் மாத்திரைகளையும் நிறுத்த வேண்டியிருக்கும். சமையலில் சேரும் அளவு பொருட்டல்ல. மரபு வைத்தியரின் ஆலோசனை வேண்டுவோருக்கு மெஜஸ்டிக் அருகே தன்வந்திரி சாலையில் அரசு ஆயுர்வேத மருத்துவமனை இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும், அலமாரியில் உள்ள குடுவைகளைப் பெயர்ச்சீட்டு தெரியும்படி வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தே அவர் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று சொல்லிவிடுவார்.